அருள் வண்டிக்கு ஷாஃப்ட் மாற்றிய வாரம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மலை மேல் மட்டும் மேகம். வடக்கனந்தலுக்கு ஒரு தூறல்கூட இல்லை. மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். பால்காரர் வரவில்லை. கட்டங்காப்பி.

மதியத்துக்கு முன் தபால். மருமகள் ஜெசிக்குப் பணி ஆணை. கருணை அடிப்படை நியமனம். மலை மேல் வெள்ளிமலையில் என் மகன் அருள் வேலை பார்த்த அதே அலுவலகம். அடுத்த திங்கள் சேர வேண்டும். மனு கொடுத்து நான்கு ஆண்டு. கொரோனா அவனைக் கொண்டுபோய் நான்கு ஆண்டு என்றும் எழுதலாம். இரண்டும் ஒன்றுதான்.

ஜெசி நின்றபடியே இரண்டு முறை படித்தாள். மாதா படத்தடியில் வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள். என் மனைவி லூர்துதான் அழுதாள். நான் கண்ணாடியைத் தேடினேன். மூக்கின் மேலேயே இருந்தது.

சாப்பிடும்போது பேச்சு. காலை பஸ் மேலே போய்ச் சேருவதற்குள் அலுவலகம் திறந்துவிடும். சாயங்கால பஸ் அலுவலகம் மூடுவதற்குள் கிளம்பிவிடும். அருளும் இதனால்தான் பைக்கில் போனான். கார் வைத்துக் கட்டுப்படியாகாது. நான் யோசித்துக்கொண்டே இருக்க, ஜெசி சொன்னாள்: "அவரு வண்டி இருக்குதே மாமா." மழைக்குக் குடை இருக்கிறதே என்பது போல.

ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் கோமுகி அணைக்கட்டுச் சாலையில் அருள் சொல்லிக்கொடுத்தான். லைசென்சும் எடுத்தாள். கியர் வண்டிக்கே.

மாலை தகரக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தோம். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து ஸ்டாண்டில் நிறுத்தியபடியே ஸ்டார்ட் செய்து அணைப்பேன். நான்கு ஆண்டாக அது நின்ற இடத்திலேயே உறுமியதோடு சரி. ஜெசி உட்கார்ந்து கியர் போட்டாள். தெருமுனை வரை போனது. திரும்பும்போது உள்ளே ஏதோ உடைந்த சத்தம். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் எஞ்சின் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. தள்ளிக்கொண்டு வந்தோம்.

பேத்தி ஜென்னி (ஆறு வயது) கேட்டாள்: "ஏன் தாத்தா வண்டி சும்மா சத்தம் போடுது?" ஊறுகாய் பாட்டில் மூடி ஒன்று மரை தேய்ந்தது கிடந்தது. திருகச் சொன்னேன். சுற்றிக்கொண்டே இருந்தது. "கை சுத்துது, மூடி சுத்துது, ஆனா மூடிக்கல, இல்லையா? அதே மாதிரி." புரிந்துகொண்டாள். மூடியைத் தூங்கும்வரை விடவில்லை.

லூர்து விளக்கணைக்கும்போது சொன்னாள்: "வண்டி ஓடலன்னா இன்னா இப்ப. அவ மேல போனா புள்ளையும் பின்னாடியே போய்டும்ங்க." நானும் அதையேதான் நினைத்திருந்தேன். மலையில் வேலை. மலையில் பள்ளிக்கூடம் உண்டு. குடியிருப்பு உண்டு. எத்தனை நாள் ஏறி இறங்குவாள்? போய்விட்டால் இந்த வீட்டில் நாங்கள் இருவர்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். குட்டியானை லோடு வேனில் வண்டியை ஏற்றி, கயிறு கட்டி, கள்ளக்குறிச்சி. ரஹீம் பாய் மெக்கானிக் கடை. வாத்தியாரான என்னிடம் படிக்காதவர், அதனால் என்னோடு பயமில்லாமல் பேசுகிற வெகு சிலரில் ஒருவர்.

இடப்பக்கத்து மூடியைக் கழற்றினார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், இங்க வந்து குந்துங்க. இது இன்னா தெரியுதா?"

"செயின் ஓடுற சின்ன சக்கரம்."

"அது சரி. அதும் நடுவுல நீட்டிக்கினு கீது பாருங்க, அதான் டிரைவ் ஷாஃப்ட். எஞ்சின் இழுவை எல்லாம் இது வழியாத்தான் சக்கரத்துக்குப் போவணும். இதும் மேல பல்லு இருக்கணும். தடவிப் பாருங்க."

தடவினேன். வழவழவென்று.

"பொக்க வாயி சார். சக்கரத்த புடிச்சுக்க பல்லே இல்ல. எவனோ வெல்டு அடிச்சு ஒட்டி வுட்டுக்கீறான். ஒட்டுனது இப்ப வுட்டுக்கிச்சு."

நான் செய்யச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்றேன். ஷாஃப்டை மாற்றினால்தான் வண்டி. மாற்ற எஞ்சினை இறக்கி, இரண்டாகப் பிரிக்க வேண்டும். இங்கே பாகம் கிடைக்காது, சேலத்திலிருந்து பஸ்ஸில் வர வேண்டும்.

"யாரு ஓட்டப் போறது? நீங்களா?"

"மருமகள்."

தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஸ்கூட்டி வாங்கிக் குடுக்கறது."

"மலைக்கு."

"ஓ. அப்ப இதான் சரி. ஸ்கூட்டி ஏறிடும். எறங்கச் சொல்லோ வெறும் பிரேக்குலயே எறங்கணும், சூடு ஜாஸ்தி. இது ரெண்டாவது கியர்ல வுட்டா அதுவே புடிச்சுக்கும்."

மாலை ஜெசியிடம் வெல்டு பற்றிக் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மே மாதம், கொரோனா ஊரடங்கு. பஸ் கிடையாது. மாத்திரைப் பொட்டலம், காய்ச்சல் கணக்கு என்று அருள் தினமும் மேலே போய் வந்தான். வழியில் வண்டி இழுக்கவில்லை. கா.பாளையத்தில் ஷட்டரைப் பாதி திறந்து வைத்திருந்த ஒரு பட்டறையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். "எஞ்சின் பிரிக்கலாம்னு சொன்னேன் மாமா. பிரிச்சா நாலு நாள் ஆவும், நாலு நாள் யாரு மேல போவாங்கன்னு கேட்டாரு."

அந்த வெல்டில்தான் கடைசி நாட்கள் ஓடியிருக்கிறான். கீழே வரும்போது காய்ச்சலையும் கொண்டுவந்தான்.

நாளை: கேஸ் புத்தகம். ஜென்னி பள்ளி ஷூ, வலது கால் வாய் பிளந்துவிட்டது.

ஜூலை 9, புதன்

ஷூ தைத்தாயிற்று. மூட்டு வலி. தைலம்.

பாய் கடையில் எஞ்சின் பிரித்தாகிவிட்டது. தரையில் பழைய கல்யாண பேனர் ஒன்றை விரித்து அதன் மேல் வரிசையாக வைத்திருக்கிறார். கழற்றிய வரிசை எதுவோ அதே வரிசை. மாப்பிள்ளை முகத்தின் மேல் கிளட்ச் தட்டுகள். பெண்ணின் மாலை மேல் கியர்கள். பல் போன ஷாஃப்ட் தனியாக. வெல்டு அடித்த சூட்டில் ஆயில் சீல் கருகி, அதன் வழியாக எண்ணெய் கசிந்து மண் அப்பிக் கிடந்திருக்கிறது. பேரிங்கும் போய்விட்டது. "ஒரு எடத்துல சும்மா ஒட்டுனா பக்கத்து வூட்டுக்காரனுக்கும் சேத்து கேடு வரும்" என்றார்.

டீ வந்தது. குடித்துக்கொண்டே சொன்னேன். சொல்ல வேண்டும் என்று போகவில்லை. வாயில் வந்துவிட்டது.

"பாய், அவசரப்பட வேண்டாம். திங்கக்கிழமை தாண்டினாலும் பரவாயில்ல."

"உங்க மருமக பாப்பா திங்கக்கிழமதான் சேரணும்னு சொன்னீங்க."

"சேரணும். ஆனா வண்டி இல்லன்னா கொஞ்ச நாள் தள்ளிக் கேட்கலாம். இல்ல, கீழேயே எங்கயாவது மாத்திக் கேட்கலாம்."

டம்ளரைக் கீழே வைத்தார். "முப்பது வருசமா கடை வச்சுக்கினு கீறேன். சீக்கிரம் குடுன்னு சண்ட போட்டவன் கீறான், கதவ ஒதச்சவன் கீறான். லேட்டா குடுன்னு கேட்ட மொத கஸ்டமர் நீங்கதான் சார். போட்டோ புடிச்சு மாட்டணும்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பாப்பாக்குத் தெரியுமா நீங்க கேக்குறது?"

"தெரியாது."

"சரி" என்றார். என்ன சரி என்று சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். வகுப்பில் ஒரு பையன் விடைத்தாளை மெதுவாக எழுதுவான், நேரம் போதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதற்காக. அவனை எனக்குத் தெரிந்துவிடும். இன்று நான் அவன்.

ஜூலை 10, வியாழன்

காற்று. முருங்கைக் கிளை ஒன்று முறிந்து சுவரில். கீரை மட்டும் ஆய்ந்துகொண்டோம்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து லூர்துவின் தங்கை பிலோமினா வந்திருந்தாள். செய்தி கேட்டு வாழ்த்த வந்ததாகச் சொன்னாள். வாழ்த்து வாசலிலேயே முடிந்தது.

"கெவுர்மெண்டு வேல, வாணான்னு சொல்லல. அதுக்குன்னு புருஷன் வண்டில ஏறிக் குந்திக்கினு மலைக்குப் போறதா? ஊரு இன்னா சொல்லும்?"

ஜெசி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "ஊரு ஒரு பஸ் வுடட்டும் சின்னத்தை. நான் பஸ்லயே போறேன்."

"வாயப் பாரு. இன்னும் ஒரு வாரத்துல ஆடி பொறக்குது. ஆடில எவளாவது வேலைல சேருவாளா?"

"நாம சர்ச்சுக்குப் போறவங்க பிலோமி" என்றேன்.

"சர்ச்சுக்குப் போனா ஆடி வராதா மாமா?"

ஜெசிதான் பதில் சொன்னாள்: "ஆடிக்கு முன்னாடியே சேர்றேன் சின்னத்தை. உங்களுக்கும் தோஷம் இல்ல, எனக்கும் தோஷம் இல்ல." பிலோமினாவே சிரித்துவிட்டாள். போகும்போது ஜென்னி கையில் முறுக்குப் பொட்டலம்.

மதியம் பாயிடமிருந்து போன். சேலத்திலிருந்து ஷாஃப்ட் வந்துவிட்டது. தப்பானது. பழைய மாடலுக்கு உரியது. பார்க்க ஒன்றுபோல இருக்கிறதாம். பல் எண்ணிக்கை வேறு, நீளத்தில் நகக்கண் அளவு வித்தியாசம்.

போனை வைத்ததும் என் மனம் லேசானதை எழுத வேண்டும். அடுத்த நொடி இன்னொரு நினைப்பும் வந்தது: நான் கேட்டதற்காக வேண்டுமென்றே செய்தாரோ? க.குறிச்சிக்கே போய்விட்டேன். நேராகக் கேட்கவும் முடியவில்லை. சுற்றிச் சுற்றிக் கேட்டேன். புரிந்துகொண்டார். முகம் மாறிவிட்டது.

"சார், வாயில பொய் சொல்லுவேன். நாளைக்கு வாங்கன்னு சொல்லுவேன், நாளைக்குக் கடையே இருக்காது. ஆனா கையில பொய் செய்ய மாட்டேன். போட்டோ அனுப்பினது நானு, சரியா பாக்காம அனுப்பினதும் நானு. என் தப்பு. நானே சேலம் போய் மாத்திக்கினு வரேன்."

"கோபமா பாய்?"

"கோவம் இல்ல. நீங்க கேட்டதுல எனக்கே தூக்கம் வரல. என் பெரிய பொண்ணு திருக்கோவிலூர்ல கீது. ஒரு மாசமா வரல. அது வரலன்னா நான் அதும் வண்டி டயர்ல ஆணி வெக்க முடியுமா?"

வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. மோர் மட்டும்.

ஜூலை 11, வெள்ளி

இலேசான தூறல், மண் நனையவில்லை.

ஜென்னிக்கு முன்பல் ஆட்டம். ஆட்டி ஆட்டி எல்லோருக்கும் காட்டுகிறாள்.

ஜெசி அருளின் ஹெல்மெட்டைக் கழுவி வெயிலில் வைத்தாள். உள்ளே பஞ்சு கிழிந்திருந்தது. புதுப் பஞ்சு வைத்துத் தைத்தாள். அவன் தலைக்குப் பெரிது, இவளுக்கு இன்னும் பெரிது. புதிது வாங்கச் சொன்னேன். "வாங்கலாம் மாமா. இத ஜென்னிக்கு வெச்சிருக்கேன்" என்றாள். பின்னால் உட்காரவா, பெரியவளான பிறகா என்று கேட்கவில்லை.

ரேஷன்: பருப்பு இல்லை.

ஜும்மா முடித்துவிட்டு பாய் சேலம் பஸ் ஏறினார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு படம்: உள்ளங்கையில் புது ஷாஃப்ட். கீழே "கெடச்சிருச்சி". பாத்திரக் கடையில் புதுக் கரண்டி பார்த்ததுபோல லூர்து உற்றுப் பார்த்தாள். "இத்தனூண்டா?"

இத்தனூண்டுதான்.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். ஜென்னி பல் விழுந்தது. கூரையில் எறிய வேண்டும் என்று அடம். மாடி வீடு. பக்கத்து ஓட்டு வீட்டின் மேல் எறிந்தோம்.

காலையிலேயே பாய் போன். "சார், உள்ள எல்லாம் கோத்துட்டேன். மூடப் போறேன். வந்து பாத்துடுங்க."

இது அவர் கடை வழக்கம். எஞ்சின் பெட்டியை மூடுவதற்கு முன் வண்டிக்காரரை வரவழைத்துக் காட்டுவார். மூடிவிட்டால் உள்ளே என்ன போட்டார், என்ன எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. பிறகு பேச்சு வரக்கூடாது. பக்கத்தூரிலிருந்தாலும் வரச் சொல்வார். வராவிட்டால் மூடமாட்டார். திட்டிக்கொண்டே வருவார்கள்.

கிளம்பினேன். போய் நின்றதும் என் பின்னால் பார்த்தார்.

"பாப்பா எங்க?"

"நான் வந்திருக்கேனே."

"நீங்க வந்து இன்னா சார் பண்றது? ஓட்டப் போறது அது. அது பாக்கட்டும். இட்டுக்கினு வாங்க, நான் இப்டியே குந்திக்கினு கீறேன்."

போன் செய்தேன். ஜென்னியை லூர்துவிடம் விட்டு ஜெசி பஸ்ஸில் வந்தாள்.

திறந்த பாதிப் பெட்டி பேனர் மேல். உள்ளே கியர்கள் எண்ணெயில் பளபளவென்று. நடுவில் புது ஷாஃப்ட், பல்லெல்லாம் கூராக. பாய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது புதுசு, இது பழசு நல்லா இருக்கு, இந்த பேரிங் புதுசு, இந்த சீல் புதுசு. "சுத்திப் பாரும்மா" என்றார். ஜெசி ஒரு விரலால் ஷாஃப்டைச் சுழற்றினாள். ஓசையே இல்லாமல் சுற்றி நின்றது.

மூடும் விளிம்பில் தடவ வேண்டிய பசை பாயின் விரலில் இருந்தது. அது காய்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவர் அவசரப்படுத்தவில்லை. ஜெசி பேனர் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சக்கரமாக. சாலையில் கரும்பு டிராக்டர் ஒன்று போனது. கடைக்கு வந்த ஒருவர் பஞ்சர் போட வேண்டும் என்றார். பாய் கையால் 'இரு' என்று காட்டினார்.

அருளை அப்படிப் பார்க்க அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சுற்றி, பெட்டியில் வைத்து, மூடித்தான் கொடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு நாலு பேருக்கு மட்டும் அனுமதி. ஆம்புலன்ஸ் எங்கள் வீட்டு முன் சற்று நின்றது. கதவைத் திறக்கவில்லை. காய்ச்சல் இருந்ததால் ஜெசியை வாசலுக்கு வெளியே விடவில்லை. நம் ஊரில் யார் போனாலும் பெட்டி மூடும் முன் குடும்பத்தாரை ஒருமுறை கூப்பிடுவார்கள்: பாத்துக்கோங்க, மூடப் போறோம். அந்த வார்த்தையை யாரும் அவளிடம் சொல்லவில்லை. யாரும் சொல்லக்கூடிய காலமாக அது இல்லை.

இதெல்லாம் பாய்க்குத் தெரியாது.

கடைசியில் ஜெசி எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மூடுங்க பாய்."

அவர் பிஸ்மில்லா சொல்லி மூடினார். நான் வெளியே போய் நின்றேன். எதிர்க்கடைக் கண்ணாடி டப்பாவில் எத்தனை வகை பிஸ்கட் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை. பிரசங்கம் விதைப்பவன் உவமை. என் கவனம் முழுக்க, நேற்றிரவு எடுத்து வந்து இப்போது வெளியே நின்ற வண்டி மேல்.

சோதனை ஓட்டம். நான் பின்னால். சுடிதார் மேல் அருளின் பழைய காக்கி மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டாள். கா.பாளையத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் சத்தமாக, "வாத்தியாரே, வண்டி யாரு ஓட்டுறது, பொண்ணா?" "டிரைவர்" என்றேன். ஜெசி தோள் குலுங்கச் சிரித்தது தெரிந்தது.

கோமுகி அணை தாண்டி ஏற்றம். முதல் கொண்டை ஊசியில் நன்றாகத்தான் திருப்பினாள். ஆனால் திருப்பும்போதெல்லாம் நான் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்து எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. இரண்டாவது வளைவில் ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"மாமா, எறங்கிக்கோங்க."

"ஏம்மா, வண்டி இழுக்கலையா?"

"வண்டி இழுக்குது. நீங்கதான் பின்னாடி இழுக்கிறீங்க."

இறங்கினேன். எஞ்சினை அணைக்காமலே பேசினாள், என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்து.

"பாய் நேத்து சொன்னாரு. நீங்க லேட் பண்ணக் கேட்டீங்கன்னு. மனசுல வெச்சுக்க முடியலையாம்."

வாய் பொய் சொல்லும் என்று சொன்ன மனிதர், அதிலும் பொய் சொல்லவில்லை.

"மலைக்குப் பயந்தீங்களா மாமா?"

"இல்லம்மா."

தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "மேல வரைக்கும் தனியா போய்ட்டு வரேன். நீங்க இங்கயே இருங்க. நிழல்ல உக்காருங்க."

போய்விட்டாள். அடுத்த வளைவில் சத்தம் கேட்டது. அதற்கடுத்ததிலும். கியர் மாற்றுவது கேட்டது. பிறகு மரங்களின் இரைச்சல் மட்டும்.

மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த மலைக்காரப் பெண் ஒருவர் கேட்டார்: "வண்டி நின்னுடுச்சா சாமி?"

"வண்டி போய்டுச்சு. நான்தான் நின்னுட்டேன். மருமக ஓட்டுறா."

"வரும். எறங்குறப்ப கூட்டிக்கினு போவும்." ஒரு கிழங்கை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். குரங்கு ஒன்று கிழங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தது. உட்கார்ந்திருந்தபோது தெளிவாக ஒன்று தெரிந்தது. அவள் விழுந்துவிடுவாளோ என்று இந்த வாரம் முழுவதும் ஒரு முறைகூட நான் பயப்படவில்லை. விழாமல் போய்ச் சேர்ந்துவிடுவாளே என்றுதான்.

பிறகு மேலே சத்தம். இறங்கும் வண்டியின் சத்தம் வேறு. எஞ்சின் தன்னையே பிடித்துக்கொண்டு வருகிற இழுவை. இரண்டாவது கியர். அருளின் சத்தம் என்று ஒரு கணம் எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

"ஏறுங்க மாமா." மூக்கு நுனி சிவந்திருந்தது. குளிர். வீடு வரை நான் கம்பியைப் பிடிக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

விடியுமுன் மழை, பிறகு வெளிச்சம்.

ஜெசி கிளம்பினாள். லூர்து அவள் நெற்றியில் சிலுவை போட்டாள். பெட்ரோல் டேங்கின் மேலும் ஒன்று போட்டாள். டிபன் பாக்ஸில் புளிசாதம், அவித்த முட்டை. ஜென்னி பல்லில்லாத வாயால் டாட்டா. தெருவில் இரண்டு வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. ஜெசி அவர்களுக்கும் தலையசைத்துவிட்டுப் போனாள். கதவு முழுசாகத் திறந்தது.

பத்து மணிக்கு மேல் போன். "கையெழுத்து போட்டுட்டேன் மாமா. அவரு மேசையேதான் குடுத்திருக்காங்க." பின்னால் யாரோ சிரித்துப் பேசுகிற சத்தம். வைத்துவிட்டாள்.

ரஹீம் பாய்க்குச் சொன்னேன். "அல்ஹம்துலில்லா. வண்டி சூடாச்சான்னு கேளுங்க" என்றார். பிறகு, "சார், கோவமா?" "இல்ல பாய்" என்றேன். "அப்ப வெள்ளிக்கிழம வாங்க, பொண்ணு வருது, பிரியாணி." அவர் பெண் வருகிறாள்.

மாலை. இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். சுடிதார் பேன்ட் நனைந்திருந்தது. முகம் கழுவி, ஜென்னியை மடியில் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள். மேலே அலுவலகம், கூட வேலை செய்பவர்கள், டீ கொண்டுவரும் அம்மா, எல்லாம் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். சாதத்தைப் பிசைந்துகொண்டே:

"குவார்ட்டர்ஸ் ஒன்னு காலியா இருக்குதாம் மாமா. கேட்டா குடுத்துடுவாங்களாம். ஸ்கூல் பக்கத்துலயே."

லூர்து எழுந்துபோய், சூடாக இருந்த ரசத்தை மறுபடி அடுப்பில் வைத்தாள்.

ஜென்னி: "அங்க கொரங்கு இருக்குமாம்மா?"

"இருக்கும்."

ஜெசி என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும், நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கமாட்டாள். தினமும் ஏறி இறங்குவாள். மழையில், பனியில், வருடக் கணக்கில். முதுகு தேயும். முகம் மாறாது. அருளும் அப்படித்தான் ஒட்டுப்போட்டு ஓட்டினான்.

"தண்ணி வருதான்னு பாத்தியா?" என்றேன்.

"குழா இருக்குது மாமா. ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"கதவு தாழ்ப்பாள்?"

"புதுசு போடணும்."

"போட்டுக்கலாம். எழுதிக் குடுத்துடு."

சற்று நேரம் அவள் பிசைந்த சாதம் பிசைந்தபடியே இருந்தது. பிறகு ஜென்னிக்கு ஊட்டினாள்.

லூர்து ரசத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "மல மேல குளிரு ஜாஸ்தி. புள்ளைக்கு ஸ்வெட்டர் எடுத்துக் குடுக்கணும்" என்றாள், சுவரைப் பார்த்து.

ஜூலை 15, செவ்வாய்

தூறல். ஜெசி வேலைக்குப் போய்விட்டாள். நானும் லூர்துவும் க.குறிச்சி கிளம்ப வேண்டும். வாங்க:

தாழ்ப்பாள், ஆணியோடு
பிளாஸ்டிக் குடம் 2
கொசுவலை
ஜென்னிக்கு ஸ்வெட்டர், கொஞ்சம் பெரிதாக
அடுப்பு வேண்டாம், வீட்டில் இருக்கிற சின்ன அடுப்பே போதும் என்கிறாள் லூர்து
டார்ச்

எனக்கும் ஒன்று சேர்த்து கம்பளி 3 என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

கம்பளி 2.